முத்தமிழ்ப் பேரவை மாயா நகரம் பார்த்த கதை

அமெரிக்காவில் டாலஸ் பக்கத்துக் காப்பெல் வட்டார முத்தமிழ்ப் பேரவை எதையும் சும்மா செய்துவிடாது. பூங்காவில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதென்றாலும் ஒரு வரவேற்புக் குழு, ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை, பின்னால் கட்ட ஒரு பேனர் எல்லாம் வேண்டும். அப்படிப்பட்ட பேரவை தன் வெள்ளிவிழாவை முன்னிட்டுக் கப்பலேறி மெக்சிகோ போய், மாயா நகரம் ஒன்றின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வருவதென்று தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவருக்கு ஒரு பொன்னாடை, வழிமொழிந்தவருக்கு ஒரு பொன்னாடை. எதிர்த்துப் பேசியவர் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அவருக்கும் ஒன்று போர்த்தினார்கள்.

ருக்மிணிக்குப் பேரவை விவகாரங்களில் பெரிய ஈடுபாடு கிடையாது. நகராட்சி அலுவலகத்தில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி கொடுக்கும் வேலை அவளுக்கு. மாடிப்படி அளவு சரியில்லை, ஜன்னல் போதாது என்று சிவப்பு மசியில் எழுதித் திருப்பி அனுப்பியே கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது. பேரவை அவள் கணவர் சந்தானத்தின் சமாசாரம். அவர் செயற்குழுவில் இருந்தார். அவருடைய பொறுப்பு நன்றியுரை.

நன்றியுரை என்பது பேசப்படுவது, கேட்கப்படுவது அல்ல. அந்தச் சொல் ஒலிபெருக்கியில் வந்ததும் தமிழ்க் கூட்டம் எழுந்துவிடும். பையை எடுக்கும், குழந்தையைத் தேடும், சாப்பாடு எந்தப் பக்கம் என்று மோப்பம் பிடிக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எந்த ஊருக்குப் போனாலும் மறந்ததும் இல்லை. சந்தானம் பல வருடங்களாக நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவே, ஒலி-ஒளிக் குழுவிலிருந்து பார்க்கிங் தொண்டர்கள் வரை ஒருவரையும் விடாமல் நன்றி சொல்லி வந்தார். ஒருவரும் கேட்டதில்லை என்பதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் இந்த மாயா நகரப் பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் ருக்மிணிதான். சென்னையில் கட்டடக்கலை படித்தபோது, நூலகப் புத்தகமொன்றில் அந்த நகரத்து வட்டக் கட்டடத்தின் படத்தைப் பார்த்திருந்தாள். வானத்துக் கோள்களைக் கவனிக்கவென்று கல்லில் கட்டிய கோபுரம். பரீட்சைக்கு அது வராது என்று தோழிகள் சொல்லியும் கேட்காமல் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்தாள். பிறகு கல்யாணம், எச்-ஃபோர் விசா, கிரீன் கார்டு வரிசை, மகன் க்ரிஷ், அப்புறம் அடுத்தவர் வரைந்ததைத் திருத்தும் இந்த உத்தியோகம். வாழ்க்கையில் குறையென்று ஒன்றுமில்லை. அந்தக் கட்டடத்தின் முன்னால் ஒரு தடவை, யாரும் கூப்பிடாமல், நிதானமாக நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

"கண்டிப்பா பாக்கலாம் ருக்கு," என்றார் சந்தானம். "கைடட் டூர்தானே? கைடே கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரு."

பேரவைக்கு ஒரு வழிகாட்டி வாய்ப்பார் என்று அவர் கணக்குப் போட்டது சரி. அந்த வழிகாட்டிக்கு ஒரு பேரவை வாய்க்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் ஏறிய கப்பல், மெக்சிகோவின் யுகடான் கரையில் ஒரு காலை நேரத்தில் இறக்கிவிட்டது. சாயங்காலம் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது என்று கப்பல்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். துறைமுகத்தில் பேருந்தோடு காத்திருந்த வழிகாட்டியின் பெயர் எர்னெஸ்டோ. அவரே மாயா வம்சம்தான், வீட்டில் அம்மாவோடு மாயா மொழி பேசுகிறவர். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கியும் கன்னத்தோரம் மைக்கும் மாட்டியிருந்தார். பேருந்து நகர்ந்ததும் தன் மொழியில் காலை வணக்கம் சொல்லி, ஆங்கிலத்தில் தன் முன்னோர்களைப் பற்றி ஆரம்பித்தார்.

பேரவைத் தலைவர் கோதண்டபாணி முன்னிருக்கையிலிருந்து எழுந்து, வரவேற்புரை இல்லாமல் எப்படி ஆரம்பிக்கலாம், இரண்டே நிமிடம் என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். அன்று எர்னெஸ்டோ தன் மைக்கைக் கையால் தொட்டது அதுதான் கடைசி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. ஓடும் பேருந்தில் அனைவரும் எழுந்து நின்றார்கள். அந்த ஊர்ச் சாலைகளில் தெருவுக்குத் தெரு வேகத்தடை. இரண்டாவது அடி பாடும்போது பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள், அது அவர்கள் தப்பில்லை. பின்பு தலைவர் வரவேற்றார். தாம் இங்கே வேடிக்கை பார்க்க வரவில்லை என்றும், இந்த மண்ணின் மக்கள் பேரவையைப் பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுக்கவே வந்திருப்பதாகவும் சொன்னார். பேரவையிலிருந்து பிரிந்து போன இன்னொரு சங்கம் போன வருடம் இதே இடத்துக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு பேனர்தான் இருந்தது, நம்மிடம் மூன்று இருக்கின்றன என்ற தகவலையும் அடக்கத்தோடு வெளியிட்டார்.

"மாயர்கள் ஏன் இந்த நகரத்தக் கைவிட்டாங்க? ஆராய்ச்சியாளர்கள் என்னென்னவோ சொல்றாங்க. மழை இல்லங்கறாங்க, சண்டைங்கறாங்க. நான் சொல்றேன். அவங்களுக்கு ஒரு நல்ல செயற்குழு அமையல," என்றார் தலைவர்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு சிக்கல் வந்தது. வழக்கமாக நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் ஷ்ரேயா, கப்பலில் முந்தின இரவு கரோக்கே பாடித் தொண்டையைத் தொலைத்திருந்தாள். யார் தொகுப்பது என்று செயற்குழு அங்கேயே அவசரமாகக் கூடியது. ருக்குவுக்குக் குரல் நன்றாக இருக்கும் என்று வாய் சும்மா இருக்காமல் சந்தானம் சொல்லிவைத்தார். தொப்பியும் நடைக் காலணியுமாக, ஜன்னலோரம் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ருக்மிணியின் இடுப்பில் அந்த ஒலிபெருக்கிப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். தொகுப்பாளர் விழா முடியும்வரை மேடையை விட்டு நகரக் கூடாது என்ற பேரவை விதியைக் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

மாயா நகரத்தின் வாசலில் எர்னெஸ்டோ, மைக் இல்லாததால் கத்தி, இங்கே இருக்கக்கூடிய நேரம் குறைவு, வெயில் ஏறுவதற்குள் தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிடலாம் என்றார். மரங்களுக்குப் பின்னால் போகும் பாதையைக் காட்டி, அந்த வழியில் போனால் வட்டக் கட்டடம் என்றார். ருக்மிணி ஒரு எட்டு எடுத்து வைத்தாள். முதலில் விழா, பிறகு கட்டடம் என்று தலைவர் தீர்த்துச் சொன்னார். கட்டடம் எங்கே ஓடிப்போகிறது என்றும் கேட்டார்.

பெரிய பிரமிடுக்கு எதிரே, ஒரு மரத்தின் நிழலில் மேடை அமைந்தது. மேடை என்றால், தலைவர் நிற்கும் இடம். பேனர் கட்டக் கம்பு நட முயன்றபோது காவலாளி ஓடிவந்து, இங்கே தரையில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் குழம்பிப்போய், பொன்னாடையோடு நின்று அதையே மறுபடி சொன்னார். கடைசியில் நாலு செயற்குழு உறுப்பினர்கள் ஆளுக்கொரு மூலையாகப் பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரமிடின் கீழ்ப்பாதி மறைந்தது. மேல்பாதியில் வெயில் அடித்ததால் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

சிறப்பு விருந்தினராக எர்னெஸ்டோவையே ஆக்கியிருந்தார்கள். பொன்னாடையை விரித்துக்கொண்டு தலைவர் நெருங்கியபோது, வாசலில் துணி விற்கிறவர்களின் ஞாபகத்தில் அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். விலைக்கு இல்லை என்று ருக்மிணி ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தது. அடுத்து, மாயர்களின் நாட்காட்டிக்குப் பதில் மரியாதையாகப் பேரவையின் மாதக் காலண்டர் ஒன்று வழங்கப்பட்டது. அதில் பன்னிரண்டு மாதத்துக்கும் தலைவரின் படம் இருந்தது.

கூட்டம் கைதட்டியது. உடனே பிரமிடுப் பக்கமிருந்து ஒரு பறவை கீச்சிட்டது போல் சத்தம் வந்தது. மறுபடி தட்டினார்கள், மறுபடி கீச்சிட்டது. எர்னெஸ்டோவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. படிக்கட்டுகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் அது, காட்டுப் பறவையின் குரலில் வரும், இதைக் கேட்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று பொன்னாடையைத் தூக்கிப் பிடித்தபடி விளக்க ஆரம்பித்தார். தலைவர் ஒலி-ஒளிக் குழுவைக் கூப்பிட்டு, அந்தக் கீச்சுச் சத்தத்தை உடனே சரி செய்யுங்கள் என்றார். இருவர் ருக்மிணியின் இடுப்புப் பட்டையைத் திருகிப் பார்த்துவிட்டு, பேட்டரி கோளாறு என்று அறிக்கை கொடுத்தார்கள்.

அதிக நன்கொடை கொடுத்த பிளாட்டினம் புரவலர் விஷாகாவுக்கு ஐந்து நிமிடம். டாலஸ் வட்டாரத்தில் வீடு விற்றுக் கொடுப்பவள். அவள் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு பிரமிடின் உச்சியைப் பார்த்தாள்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இவங்க லொகேஷன் பாத்துதான் கட்டியிருக்காங்க," என்றாள். "தண்ணி பக்கத்துல, கோவில் பக்கத்துல, கேம் கோர்ட் பக்கத்துல. ஆனா மெயின்டெய்ன் பண்ணல. அதான் ரீசேல் வேல்யூ போயிடுச்சு."

அடுத்து பட்டிமன்றம். மாயர்களின் பெருமைக்குப் பெரிதும் காரணம் கட்டடமா, கணிதமா? இரண்டு அணியிலும் அதுவரை எதையும் பார்த்தவர் இல்லை, அதனால் வாதம் சூடாக இருந்தது. நடுவர் பசீர் அகமது மட்டும் அவ்வப்போது பிரமிடைத் திரும்பிப் பார்த்து, போகலாமா என்பது போல் ருக்மிணியையும் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் பேரவையின் செயலாளர். கட்டடமும் இல்லை, கணிதமும் இல்லை, விருந்தோம்பலே என்று தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தார்.

ருக்மிணி ஒவ்வொருவரையும் அழைத்தாள், ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி புகழ்ந்தாள். நடுவில் அவள் போன் அதிர்ந்தது. க்ரிஷ் ஒரு படம் அனுப்பியிருந்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பேரவை உறுப்பினர்கள் அல்ல, ஆகவே விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தாது. பிள்ளைகள் எல்லோரும் பேனர் கட்டும்போதே கழன்று போய் ஊரையே சுற்றிவிட்டார்கள். படத்தில் வட்டக் கட்டடம் இருந்தது. "அம்மா, யுவர் ரவுண்ட் பில்டிங் இஸ் ஹியர். வேர் ஆர் யூ?" என்று கேட்டிருந்தான். அவளுக்கு, நூலகத்தில் பார்த்ததற்கு அடுத்தபடி அதைப் போனில்தான் பார்க்க வேண்டுமா என்று ஆத்திரம் வந்தது.

எர்னெஸ்டோ அவள் பக்கத்தில் வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் பேருந்துக்குத் திரும்ப வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது தலைமையுரை. தலைவரின் கையில் இருந்த காகிதக் கற்றை தடிமனாக இருந்தது. அதற்குப் பின் தீர்மானங்கள், குழுப்படம், நன்றியுரை. ருக்மிணி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு தலைவரிடம் போய், நேரமாகிறது, சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசலாமே என்றாள்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா," என்றார் தலைவர் கனிவாக. "இவ்ளோ தூரம் வந்துட்டு வெறும சுத்திப் பாத்துட்டுப் போனா, நாளைக்கு யாரும்மா நம்மள மதிப்பாங்க?"

ருக்மிணி மரத்தடிக்குத் திரும்பினாள். தலைவர் தொண்டையைச் செருமி, காகிதங்களைத் தட்டி அடுக்கினார். பேனர் பிடித்த நால்வரில் ஒருவர் கை மாற்றிக்கொண்டார். மரங்களுக்குப் பின்னால் போகும் பாதையை ஒரு முறை பார்த்தாள். பிறகு, தன் வேலையில் ஒரு வரைபடத்தைத் திருப்பி அனுப்பும் அதே நிதானத்தோடு, மைக்கில் சொன்னாள்.

"அடுத்ததாக, நன்றியுரை. வழங்குபவர் திரு. சந்தானம் அவர்கள்."

கூட்டம் எழுந்தது. யாரும் யோசித்து எழவில்லை, முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன. பைகள் தோளில் ஏறின. சாப்பாட்டுப் பொட்டலம் பேருந்திலா, வாசலிலா என்ற கேள்வி நாலு பக்கமும் கிளம்பியது. பேனர் பிடித்திருந்த நாலு பேரும்கூட மூலைகளை விட்டுவிட்டு நடந்தார்கள். பேனர் தரையில் விழுந்ததும் பிரமிடு அடியிலிருந்து நுனிவரை தெரிந்தது. இன்னும் தலைமையுரை இருக்கிறது என்று தலைவர் சொன்னார். மைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது.

சந்தானம் மட்டும் பழக்க தோஷத்தில் வந்து, மனைவியிடமிருந்து பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து தன் குறிப்பை எடுத்தார். காலியாகும் கூட்டம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் ருக்மிணி போகாமல் நின்றது புதிது. அவள் கால் பாதைப் பக்கம் திரும்பியிருந்தது, முகம் இவர் பக்கம். இத்தனை வருடத்தில் தானும் அவர் பேச்சைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"நீ போய்ப் பாரு ருக்கு. நான் முடிச்சுட்டு வரேன்."

"யாருக்கு முடிக்கப் போறீங்க?"

சந்தானம் சுற்றிலும் பார்த்தார். பொன்னாடை போர்த்திய எர்னெஸ்டோ நின்றிருந்தார். தள்ளி, பொன்னாடை போர்த்திய காவலாளி. சந்தானம் குறிப்பை மடித்து உள்ளே வைத்தார். "நன்றி," என்றார் மைக்கில். பிறகு பட்டையை அவிழ்த்து எர்னெஸ்டோவிடம் கொடுத்துவிட்டு, அவரும் கூட வர, மனைவியோடு நடந்தார். பேரவை வரலாற்றில் மிகச் சிறிய நன்றியுரை அதுதான்.

மரங்கள் விலகின. வட்டக் கட்டடம் அகலமான கல்மேடையில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் கூரை இடிந்து, மறுபக்கம் முழுசாக. ருக்மிணிக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அவள் வரைந்தபோது மேடையும் கோபுரமும் ஒன்றுக்கொன்று கோணலாக வந்திருந்தன. தன் கை பிசகிவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். நேரில் பார்த்தாலும் கோணலாகவே இருந்தது. வெள்ளி எழும்பி மறையும் திசையைப் பார்த்து வைத்ததால் அப்படி, வேண்டுமென்றே கட்டியது என்றார் எர்னெஸ்டோ. மைக் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில், கேட்க இரண்டே பேர் இருந்தும் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். இந்த வரைபடம் தன் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மசியில் திருப்பி அனுப்பியிருப்போம் என்று நினைத்து ருக்மிணி அழுகையோடு சிரித்தாள். க்ரிஷ் வந்து பக்கத்தில் நின்றான்.

பின்னாலிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. தலைவர் காகிதக் கற்றையோடு ஓடிவந்திருந்தார். வந்தவர் வழக்கப்படி எல்லோருக்கும் முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். கட்டடம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? இருபத்தஞ்சு வருஷத்துல என் பேச்சு நின்னதே இல்ல."

"மன்னிச்சுக்கங்க சார். தெரிஞ்சேதான் பண்ணேன். காலேஜ்லேர்ந்து இத பாக்கணும்னு இருந்தேன். உங்ககிட்ட கேட்டும் பாத்துட்டேன்."

"எத?"

"திரும்பிப் பாருங்க சார்."

தலைவர் திரும்பினார். கூலிங் கிளாஸைக் கழற்றினார். எர்னெஸ்டோ, அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் அவருடைய முன்னோர்கள் இரவுக்கிரவு ஒரே ஒரு கோளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றார். பேசாமல் பார்ப்பதே வேலையாக இருந்தவர்கள் என்றும் சொன்னார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. தலைவர் அண்ணாந்தபடியே நின்றார்.

"இதெல்லாம் எப்பம்மா காட்டினாங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார்."

தலைவரின் கை தானாகக் காகிதங்களுக்குப் போனது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த இடத்தில் நின்று ஒரு இரண்டு வார்த்தையாவது என்று ஆரம்பித்தார். நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மறுபடி கட்டடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பேச்சை அவராக நிறுத்தி ருக்மிணி பார்த்தது அதுவே முதல் தடவை.

அதற்குள் வாசல் பக்கமிருந்து பேருந்தின் ஹாரன் கேட்டது. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தேடிப்போன கூட்டம் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. கப்பலுக்கு நேரமாகிவிட்டதா என்று சந்தானம் பதறினார். எர்னெஸ்டோ மைக்கை அணைத்துவிட்டு, சுற்றுலாக் கூட்டங்களுக்கு எப்போதும் கிளம்ப வேண்டிய நேரத்தைத் தாராளமாக முன்னதாகவே சொல்லிவைப்பது தன் வழக்கம் என்று ரகசியமாக ஒப்புக்கொண்டார். ஆனால் உட்கார்ந்துவிட்ட கூட்டம் பொறுக்காது, யாராவது போய்ச் சமாளிக்க வேண்டும் என்றார்.

கோதண்டபாணி ருக்மிணியைப் பார்த்தார். அவள் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அவர் காகிதக் கற்றையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எர்னெஸ்டோவிடம் கை நீட்டிப் பட்டையைக் கேட்டு வாங்கினார்.

"நீங்க நிதானமா பாருங்கம்மா. பஸ்ஸ நான் பாத்துக்கறேன். தலைமையுரை பாக்கி இருக்கில்ல, ஒரு அரை மணி நேரத்துல முடிச்சுடுவேன்."

அவர் விறுவிறுவென்று நடந்து மரங்களுக்குள் மறைந்தார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி உயிர் பெறும் சத்தமும், 'பெருமதிப்பிற்குரிய' என்ற முதல் வார்த்தையும் தூரத்தில் கேட்டன. ஹாரன் நின்றது. அரை மணி நேரத்தில் கோதண்டபாணி எதையும் முடித்ததாகச் சரித்திரமில்லை. ருக்மிணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டடத்தை இடப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள்.